அஸ்பிரினும் அதன் துணை மருந்துகளும்: குருதியுறைவுத் தடுப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வடமராட்சியின் கரவெட்டிப் பகுதியில், யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் அமைந்த நெல்லியடி, சுற்றுப்புறக் கிராமங்கள் பலவற்றுக்குச் சந்தையாகவும் பேருந்துத் தரிப்பிடமாகவும் விளங்கும் ஒரு சிறு பட்டினம். இருதய நோயுடைய இப்பகுதி முதியவர்கள் மாதந்தோறும் ஒரு நாள், கிளினிக் கொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு, மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ செல்வது வழமை. மாரடைப்பு ஒன்றிலிருந்து தப்பியவரின் கொப்பியில் அஸ்பிரின் 75 மில்லிகிராம் என்றொரு வரி இருக்கும். அதன் கீழே பெரும்பாலும் குளோபிடோகிறெல் 75 மில்லிகிராம் என்று இன்னொரு வரி இருக்கும். இளமையில் வாதக்காய்ச்சல் கண்டு இருதய வால்வு பழுதுற்று, செயற்கை வால்வு பொருத்தப்பட்டவராயின் வோர்பரின் என்ற பெயரும், மாதத்துக்கு மாதம் மாறும் ஓர் எண்ணும் காணப்படும். இம்மூன்று மருந்துகளும் தம்முள் வேறுபட்டவை. எனினும் ஊர்ப் பேச்சில் மூன்றுக்கும் பெயர் ஒன்றே: “இரத்தம் கரைக்கிற குளிசை.”

இம்மருந்துகள் எவ்வாறு தனித்தனியே தோன்றின, எவ்வாறு ஒரே நோயாளியின் கொப்பியில் ஒன்றுசேர்ந்தன, அவ்வாறு சேர்ந்தபோது அஸ்பிரினின் அளவு ஏன் படிப்படியாகக் குறைந்தது என்பனவற்றை நோக்குதலே இக்கட்டுரையின் பொருள். மருத்துவ வரலாறு பொதுவாகப் புதியது ஒன்றைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த கதையாகவே எழுதப்படுகிறது. இங்கே கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி மருந்தோடு மருந்தைச் சேர்த்தது. இருபத்தோராம் நூற்றாண்டு, அவ்வாறு சேர்த்தவற்றுள் எதை எடுத்துவிடலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடப்படும் மருந்து பெரும்பாலும் அஸ்பிரினாகவே இருக்கிறது.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அஸ்பிரினோ வோர்பரினோ குருதியைக் கரைப்பதில்லை. அதை நீர்த்துப்போகச் செய்வதுமில்லை. காயம்பட்ட இடத்தில் குருதி உறைவது இரு வழிகளில் நிகழும் ஒரு வேலை. குருதிச் சிறுதட்டுக்கள் காயத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று பற்றி, ஓர் அடைப்பை உண்டாக்குகின்றன. இது முதலாவது வழி. குருதியிற் கரைந்துள்ள புரதங்கள் சங்கிலித் தொடராகத் தூண்டப்பட்டு, இறுதியிற் பைபிரின் என்னும் நார்வலையைப் பின்னி அவ்வடைப்பை இறுக்குகின்றன. இது இரண்டாவது வழி. அஸ்பிரினும் குளோபிடோகிறெலும் சிறுதட்டுக்களைத் தடுப்பவை. வோர்பரினும் ஹெப்பரினும் புரதத் தொடரைத் தடுப்பவை. கரைத்தல் என்ற சொல்லுக்கு உண்மையில் உரிமையுடையது, மாரடைப்பு வந்த வேளையில் நாளத்தினூடாக ஏற்றப்படும் ஸ்ரெப்ரோகைனேஸ் போன்ற மருந்தே. உண்டான கட்டியை அது கரைக்கிறது. பிற யாவும் கட்டி உண்டாகாது தடுப்பனவே. முடியுரு நாடி போன்று குருதி விரைந்து பாயும் இடத்திற் சிறுதட்டுக்களின் பங்கு மிகுதி. செயற்கை வால்வைச் சுற்றியும், ஒழுங்கின்றித் துடிக்கும் சோணையறையினுள்ளும் தேங்கும் குருதியிற் புரதத் தொடரின் பங்கு மிகுதி. ஆகவேதான் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. இரண்டும் தேவைப்படும் நோயாளிகளும் உளர். அவ்வாறு இரண்டையும் ஒருங்கே தடுத்தால், உறைய வேண்டிய இடத்திலும் குருதி உறையாது போகும் ஆபத்து உண்டு. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்விரு முனைகளுக்கு இடையிலேயே நடக்கிறது.

குருதி உறையாதிருக்கச் செய்யும் பொருளொன்றைத் தமிழ் மருத்துவம் பெயர் தெரியாமலே கையாண்டு வந்தது. சித்த வைத்தியம் புறமருத்துவத்தை முப்பத்திரண்டாக வகுத்தபோது அட்டை விடலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. அட்டை கழன்ற பின்னரும் கடிவாயிலிருந்து குருதி நெடுநேரம் கசிவதை அவ்வைத்தியர் அறிந்திருந்தனர். அதன் காரணம் அட்டையின் வாய்ப்பகுதியிற் சுரக்கும் ஒரு பொருள் என்பதை ஜோன் ஹேகிராப்ற் என்பவர் 1884ஆம் ஆண்டிலே காட்டினார். அவ்வாண்டின் மே மாதத்திலேதான், யாழ்ப்பாணத்தாருக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் காலமானார். இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆயினும் ஈழத்துத் தமிழ் மாணவர் ஒருவர் இவ்விடத்தைக் கடந்துபோகும்போது சற்றுத் தரித்து நிற்கவே செய்வார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், மானிப்பாயில் வைத்திய மாணவரைப் பயிற்றினார். 1864 முதல் அவ்வகுப்புகளைத் தமிழிலேயே நடத்தினார். அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலான நூல்கள் அம்முயற்சியின் பயன். அஸ்பிரின் என்ற பெயர் பிறந்தது 1899இல். கிறீன் காலத்துக்குப் பிந்திய மருந்துகள் நம்மூருக்கு ஆங்கிலம் கற்ற வைத்தியரின் கையெழுத்தினூடாகவும் மருந்துக்கடை மேசையினூடாகவுமே வந்துசேர்ந்தன. இரு வேறு தொழிற்பாடுடைய மருந்துகளுக்கு ஒரே ஊர்ப்பெயர் வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அஸ்பிரினின் முற்கதை பலரும் அறிந்ததாகையால் அதனை விரிக்க வேண்டியதில்லை. 1763இல் எட்வேட் ஸ்ரோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், வில்லோ மரப்பட்டைத் தூள் காய்ச்சலைத் தணிப்பதாக இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். 1897இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தில் பீலிக்ஸ் ஹொப்மன் அசற்றைல்சலிசிலிக் அமிலத்தைத் தூய வடிவில் ஆக்கினார். அரை நூற்றாண்டு வரை அது காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் மூட்டு நோவுக்குமே வழங்கியது. அக்காலத்து மாத்திரையின் அளவு ஐந்து கிறெயின். கிறெயின் என்பது ஒரு தானியமணியின் நிறை. நம்மவர் பொன்னை நிறுக்கக் குன்றிமணியைக் கொண்டது போன்ற பழைய அளவை. ஐந்து கிறெயின் ஏறத்தாழ 325 மில்லிகிராம். அமெரிக்கர் இன்றும் இருதயத்துக்கு 81 மில்லிகிராம் உண்பது அதன் காற்பங்கு என்பதனாலேயே. பிரித்தானியர் அதனை 300 ஆக்கினர். அதன் காற்பங்காகிய 75, பிரித்தானிய வழக்கைப் பின்பற்றிய இலங்கையின் கொப்பிகளில் நிலைத்தது. இருதய மருந்தொன்றின் அளவு தானியமணியிலிருந்து வந்ததென்பது விந்தையே.

வோர்பரினின் பிறப்பு மாட்டுத் தொழுவத்திலே தொடங்குகிறது. 1920களிற் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும் பழுதுற்ற இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயங்களிலிருந்தும் குருதி வடிந்து இறந்தன. 1933 பெப்ரவரியில், பனிப்புயல் வீசிய ஒரு நாளில், விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி எட் கார்ல்சன், இறந்த பசுக்கன்று ஒன்றையும் ஒரு பாற்குவளை நிறைய உறையாத குருதியையும் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் கடந்து கார்ல் போல் லிங் என்னும் இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தை அடைந்தார். லிங்கின் குழு 1939இல் டைகுமரோலைப் பிரித்தெடுத்தது. அதன் வழித்தோன்றலாகிய வோர்பரின் 1948இல் எலி நஞ்சாகவே சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு வழங்க அங்கீகாரம் பெற்றது. அடுத்த ஆண்டு மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. எலி நஞ்சு மருந்தானதைக் கேட்டு இன்றும் நோயாளர் சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. வோர்பரினின் பயனுக்கும் தீங்குக்கும் இடையிலுள்ள வரம்பு மிக ஒடுங்கியது. ஈரல் விற்றமின் கே கொண்டு ஆக்கும் உறைதற் புரதங்களை அது குறைக்கிறது. ஆதலால் ஒரு வாரம் கீரையும் முருங்கையிலை வறையும் மிகுதியாக உண்டு, மறுவாரம் அறவே விட்டுவிட்டால் அளவீடு மாறிவிடும்.

அஸ்பிரினுக்கும் குருதிக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் முதலிற் கேட்டது பெரும் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்தன்று. கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரப் பொது வைத்தியர் லோறன்ஸ் கிறேவன், தொண்டைச் சுரப்பி அகற்றப்பட்ட நோயாளர் அஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை மிகுதியாக மென்றபோது குருதி கூடுதலாக வடிவதைக் கண்டார். குருதியை வடியவிடும் பொருள் நாடியில் அது கட்டுவதைத் தடுக்கும் அன்றோ என்று அவர் எண்ணினார். தம்மிடம் வந்த ஆண்களுக்கு நாள்தோறும் அஸ்பிரின் கொடுத்து, 400 பேரில் எவருக்கும் மாரடைப்பு வரவில்லையென 1950இல் எழுதினார். தாமே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மாத்திரை உண்டு மூக்கால் குருதி வடியக் கண்டார். எனினும், மருந்துண்ணாத ஒப்பீட்டுக் குழு ஒன்றை அவர் வைத்துக்கொள்ளவில்லை. சிறு சஞ்சிகைகளிலேயே எழுதினார். 1957இல் மாரடைப்பால் இறந்தார். அவர் கண்டது உண்மை. அதை உண்மையென்று நிறுவும் வழி அவரிடம் இருக்கவில்லை. மருத்துவ வரலாற்றிற் கிறேவனைப் புகழ்வோர் பலர். ஆனால் அன்று அவரை நம்பாதவர்களையும் குறைகூற முடியாது.

அவ்வழி அடுத்த தலைமுறையில் உருவாயிற்று. 1971இல் ஜோன் வேன், அஸ்பிரின் புரொஸ்டகிளாண்டின்களின் ஆக்கத்தைத் தடுக்கிறது எனக் காட்டினார். 1975இல் றொத், மஜேறஸ் ஆகியோர் அது சிறுதட்டின் நொதியத்தை மீளமுடியாதவாறு கெடுக்கிறது என்று கண்டனர். சிறுதட்டுக்குக் கரு இல்லை. கெட்ட நொதியத்துக்குப் பதிலாகப் புதியதை ஆக்க அதனால் இயலாது. ஏழு முதற் பத்து நாள் வரையுள்ள தன் வாழ்நாள் முழுதும் அது செயலிழந்தே இருக்கும். குருதிக் கலத்தின் உட்சுவர்க் கலங்களோ நொதியத்தை மீளவும் ஆக்கிக்கொள்ளும். அவை சுரக்கும் புரொஸ்டசைக்கிளின் உறைவைத் தடுக்கும் நல்ல பொருள். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறந்தது. சிறிய அளவு அஸ்பிரின் நாள்தோறும் சிறுதட்டை முடக்கும், கலச்சுவரைப் பெரிதும் விட்டுவைக்கும். பெரிய அளவு இரண்டையும் கெடுக்கும். 1982இல், வேன் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில், உரோமாபுரியில் கார்லோ பத்ரோனோவின் குழுவினர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராமே சிறுதட்டுக்களின் துரொம்பொக்சேன் ஆக்கத்தைப் பெரும்பாலும் அடக்கப் போதுமென்று வெளியிட்டனர். ஒரு டிஸ்பிரின் மாத்திரையிற் பத்திலொரு பங்கு.

ஆய்வுகூடத்திற் கண்டது நோயாளரிலும் மெய்யாக வேண்டும். 1974இல் கார்டிவ் நகரில் எல்வூட்டும் கொக்றேனும் 1,239 ஆண்களுக்கு நடத்திய எழுமாற்றுப் பரிசோதனை நம்பிக்கை தந்ததேயன்றி உறுதி தரவில்லை. 1980இல் அமெரிக்காவில் 4,524 பேருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கொடுத்த பெரிய பரிசோதனையில் அஸ்பிரின் உண்டோரில் நூற்றுக்கு 10.8 பேரும், போலி மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 9.7 பேரும் இறந்தனர். கூடக் கொடுத்தாற் கூடப் பயன் வரும் என்ற எண்ணத்துக்கு அது முதல் அடி. அதன் பின், 1988இல், ஐசிஸ் இரண்டு என்னும் பரிசோதனை வெளியாயிற்று. 417 வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்ட 17,187 மாரடைப்பு நோயாளர் அதிற் பங்குகொண்டனர். நாளொன்றுக்கு 162.5 மில்லிகிராம் அஸ்பிரின் ஒரு மாதம் கொடுத்ததில், ஐந்து வாரத்துள் இருதய, குருதிக்கல நோயால் நிகழ்ந்த இறப்பு 23 வீதம் குறைந்தது; ஸ்ரெப்ரோகைனேஸ் 25 வீதம் குறைத்தது; இரண்டும் சேர்ந்து 42 வீதம் குறைத்தன. குருதியுறைவுக்கு எதிரான இரு மருந்துகள் ஒன்றோடொன்று கூடி இத்துணை உயிர்களைக் காத்ததாக அதற்கு முன் எவரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. இலங்கையின் அரச வைத்தியசாலைகள் நீண்டகாலம் கையாண்ட மாரடைப்புச் சிகிச்சை இதன் வழிவந்ததே.

இப்பரிசோதனை பற்றி யாழ்ப்பாணத்து வாசகர் அறியவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. வயது, பால் முதலியவற்றால் நோயாளரைப் பிரித்துப் பயனைத் தனித்தனியே காட்டுமாறு ஆய்வாளர் கேட்கப்பட்டனர். மிகையாகப் பிரித்தாற் பொய்யான முடிவுகளே கிடைக்கும் என்பதை உணர்த்த, அவர்கள் பிறந்த இராசிப்படியும் பிரித்து அச்சிட்டனர். மேனாட்டுக் கணிப்பின்படி மிதுன இராசியினருக்கும் துலா இராசியினருக்கும் அஸ்பிரின் பயன்படவில்லை என்று அட்டவணை கூறிற்று! சாதகக் குறிப்போடு வாழும் சமூகம் இதனை மெய்யென எடுத்துக்கொள்ளாதிருக்கக் கடவது. எண்ணை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பதை இத்துணைச் சுவையாகக் கற்பித்த அட்டவணை வேறு இல்லை.

ஐசிஸ் ஆய்வுகளில் ஒக்ஸ்போட்டிற் பணியாற்றியோருள் கேரளத்துக் கொட்டாரக்கரையிற் பிறந்து, பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியிற் பயின்ற சலீம் யூசுப்பும் ஒருவர். பின்னர் கனடாவின் ஹமில்டன் நகரிலிருந்து அவர் முன்னின்று நடத்திய கியூர் பரிசோதனை 2001இல் வெளியானது. 12,562 நோயாளரில், அஸ்பிரினுடன் குளோபிடோகிறெலும் உண்டோருள் மாரடைப்பு, பாரிசவாதம், இருதய இறப்பு ஆகியவை சேர்ந்து 11.4 வீதத்திலிருந்து 9.3 வீதமாகக் குறைந்தன. பெருங் குருதிப்பெருக்கு 2.7 வீதத்திலிருந்து 3.7 ஆக ஏறியது. கொப்பியில் இரு வரிகள் அடுத்தடுத்து வருவதற்கு இப்பரிசோதனையே மூலம். இதில் அஸ்பிரினின் அளவு 75 முதல் 325 வரை வைத்தியரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2003இல் அவ்வளவுகளின்படி கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, 100 மில்லிகிராமுக்கு மேற்பட்டோருக்குப் பயன் கூடவில்லை. குருதிப்பெருக்கு மட்டும் படிப்படியாகக் கூடியிருந்தது. குளோபிடோகிறெலும் சேர்ந்தோரில், 100 வரை உண்டோருக்குப் பெருங் குருதிப்பெருக்கு 3.0 வீதம், 200க்கு மேலெனின் 4.9 வீதம்.

ஆயின் 75 என்ற எண் இதற்கு முன்னரே சுவீடனில் உறுதிப்பட்டிருந்தது. நெஞ்சுநோவு உடைய 2,035 பேருக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் கொடுத்த பரிசோதனை 1992இல் வெளியாகி, மாரடைப்பும் திடீர் இறப்பும் மூன்றிலொரு பங்கு குறைந்ததைக் காட்டியது. பிற்காலத்தில் அமெரிக்காவில் 15,076 பேரில் 81ஐயும் 325ஐயும் ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டுப் பரிசோதனையும் பெரிய அளவினால் நன்மை எதையும் காணவில்லை.

வோர்பரினுடன் அஸ்பிரின் சேர்ந்த வரலாறு இதனினும் கடுமையானது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டோருக்கு வோர்பரின் மட்டும் சில வேளை போதாமையால், அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்திற் செஸ்புறோ குழுவினர் அதனோடு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் அஸ்பிரினைச் சேர்த்துப் பார்த்தனர். 1983இல் வெளியான அக்கட்டுரை அஸ்பிரினின் ஆபத்து என்பதைத் தன் தலைப்பிலேயே கூறிற்று, அத்துணைக் குருதிப்பெருக்கு. பத்தாண்டு கழித்து, 1993இல், கனடாவின் ரேப்பி குழுவினர் 370 நோயாளருக்கு அதே சேர்க்கையை 100 மில்லிகிராமுடன் கொடுத்தனர். கட்டிகள் குறைந்தன, இறப்பும் குறைந்தது. குருதிப்பெருக்குக் கூடினும் பொறுக்கத்தக்கதாய் இருந்தது. இரு மருந்தும் மாறவில்லை. மாறியது அளவு மட்டுமே. 2002இல் நோர்வேயில் 3,630 மாரடைப்பு நோயாளரில் 75 மில்லிகிராம் அஸ்பிரினும் வோர்பரினும் சேர்த்துக் கொடுத்தபோது அஸ்பிரின் மட்டும் உண்டோரினும் நன்மை மிகுந்தது. ஆயினும் பெருங் குருதிப்பெருக்கு ஆண்டொன்றுக்கு 0.17 வீதத்திலிருந்து 0.62 வீதமாயிற்று.

செயற்கை வால்வின் கதையில் நமது அண்டை நிலமும் இடம்பெறுகிறது. திருவனந்தபுரத்துச் சிறீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், சத்திரசிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில், வெளிநாட்டு வால்வின் விலையை எட்டமுடியாத ஏழைகளுக்கென ஒரு வால்வு உருவாக்கப்பட்டது. முதல் மூன்று மாதிரிகள் தவறின. நான்காவது 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் ரி.ரி.கே. குழுமம் அதனைத் தயாரித்தது. வால்வின் விலை இறங்கியது. ஆனால் வால்வு பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் உறைவெதிர் மருந்து உண்ணவேண்டும், அம்மருந்தைக் குருதிச் சோதனையால் அளந்துகொண்டே இருக்கவேண்டும் என்ற நிலை மாறவில்லை. தமிழ்நாட்டிற் சிகிச்சை பெற்று மீளும் குடாநாட்டார் சிலருக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. அங்கே வோர்பரினுக்குப் பதிலாக அசெனோகுமரோல் பரவலாக வழங்குகிறது. இரண்டும் ஓரினமே, ஆனால் ஒன்றின் மில்லிகிராம் மற்றதன் மில்லிகிராம் அன்று.

அச்சோதனை பற்றி ஒரு வார்த்தை. வோர்பரின் உண்பவரின் குருதி உறைய எடுக்கும் நேரத்தை அளக்க, பெரும்பாலும் முயலின் மூளையிலிருந்து எடுத்த ஒரு சோதனைப்பொருள் பயன்பட்டு வந்தது. நாட்டுக்கு நாடு, கம்பனிக்குக் கம்பனி அதன் வீரியம் மாறுபட்டமையால், ஒரே குருதி ஓரிடத்தில் ஓர் எண்ணையும் மற்றோரிடத்தில் வேறோர் எண்ணையும் தந்தது. 1983இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை ஒரு பொது அளவையில் நிறுத்தியது, அதுவே ஐ.என்.ஆர். என இன்று கொப்பியில் எழுதப்படுவது. நோயற்றவருக்கு அது ஏறத்தாழ 1. வால்வு மாற்றப்பட்டோருக்குப் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில், சிலருக்கு 3.5 வரை இருத்தல் வேண்டும்.

பொது அளவை வந்து ஏழாண்டு கழியுமுன், 1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்குத் தேசிய மின்வழங்கல் பல ஆண்டுகள் இல்லாது போயிற்று. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருள் அரிதாயிற்று. மருந்துகள் செஞ்சிலுவைச் சின்னத்தின் காப்போடு கப்பல்வழி மட்டுப்பட்ட அளவிலேயே வந்தன. 1990களில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினர் பருத்தித்துறை வைத்தியசாலையிற் பணிபுரிந்தனர். 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்ரில் மீண்டும் மூடப்பட்டது. இவ்வாண்டுகளை அஸ்பிரினின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். 75 மில்லிகிராம் அஸ்பிரினுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டியதில்லை, ஆய்வுகூடமும் வேண்டியதில்லை. அது ஒரு மாதத்துக்குத் தப்பினாலும் அடுத்த மாதம் அதே அளவில் தொடங்கலாம். வோர்பரினோ, குளிரில் வைக்கவேண்டிய சோதனைப்பொருளையும், அதைச் செய்யும் கையையும், நோயாளி வந்துசேரும் பாதையையும் வேண்டிநிற்கும் மருந்து. மருந்தின் சிறப்பைப் பரிசோதனைக் கட்டுரைகள் வீதங்களிற் கூறும். அவ்வீதங்கள் யாவும் மின்சாரம் உள்ள நாட்டிற் கணிக்கப்பட்டவை என்பதை அவை கூறுவதில்லை.

சோதனை வேண்டாத புதிய உறைவெதிரிகள் 2008 முதல் வந்தன: டபிகற்றான், றிவறொக்சபான், அபிக்சபான். இவை வோர்பரினை முற்றாக நீக்கிவிடும் என எதிர்பார்த்தோர் பலர். ஆனால் 2013இல் செயற்கை வால்வு உடையோருக்கு டபிகற்றான் தீங்கு செய்தது தெரியவந்தது. வாதக்காய்ச்சலால் இருதயம் பழுதுற்று, சோணையறை ஒழுங்கின்றித் துடித்த 4,565 பேரில் நடந்த இன்விக்ரஸ் பரிசோதனையில் – புதுடில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தின் கணேசன் கார்த்திகேயன் அதன் முன்னணி ஆய்வாளருள் ஒருவர் – பழைய வோர்பரின் வகையே றிவறொக்சபானை வென்றது. 2022இல் வந்த இம்முடிவு, செல்வ நாடுகளிற் பெரிதும் மறைந்துவிட்ட வாதக்காய்ச்சல் இன்னும் நீங்காத நம்போன்ற நாடுகளுக்கே உரியது.

இனி எடுத்துவிடலின் காலத்துக்கு வருவோம். ஸ்ரென்ற் எனப்படும் கம்பிவலைக் குழாய் நாடியில் வைக்கப்பட்டு, அதேவேளை உறைவெதிரியும் தேவைப்படுவோருக்கு அஸ்பிரின், குளோபிடோகிறெல், வோர்பரின் மூன்றையும் கொடுப்பதே ஒருகாலத்து வழக்கம். 2013இல் நெதர்லாந்து, பெல்ஜிய ஆய்வாளர் 573 பேரில் அஸ்பிரினை மட்டும் விட்டுப் பார்த்தனர். ஓராண்டிற் குருதிப்பெருக்கு 44.4 வீதத்திலிருந்து 19.4 வீதமாக வீழ்ந்தது, கட்டிகள் கூடவில்லை. 2019இல் 4,614 பேரில் நடந்த அகஸ்ரஸ் பரிசோதனையில் அஸ்பிரின் உண்டோருக்கு 16.1 வீதமும் போலி மாத்திரை உண்டோருக்கு 9.0 வீதமும் குறிப்பிடத்தக்க குருதிப்பெருக்கு உண்டாயிற்று. 2025இல் வெளியான பிரெஞ்சுப் பரிசோதனை ஒன்று, ஸ்ரென்ற் வைத்து நாட்சென்றபின் உறைவெதிரி உண்ணும் 872 பேருக்கு 100 மில்லிகிராம் அஸ்பிரினைச் சேர்த்தது. அஸ்பிரின் பக்கத்தில் இறப்பு மிகுந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. எதிர்த்திசையிற் செல்லும் சான்றும் உண்டு. யூசுப்பின் குழுவினர் 27,395 பேரில் நடத்தி 2017இல் வெளியிட்ட கொம்பஸ் பரிசோதனை, நாட்பட்ட இருதய நோயாளருக்கு 100 மில்லிகிராம் அஸ்பிரினோடு மிகச் சிறிய அளவு றிவறொக்சபான், 2.5 மில்லிகிராம் இருவேளை, நன்மை தருமெனக் காட்டியது. ஆனால் அங்கும் சேர்க்கை வென்றது அளவு சிறிதாக்கப்பட்டதனாலேயே எனலாம்.

நோயற்றோர் கதை வேறு. இருதய நோய் இல்லாத 19,114 முதியோரில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் 100 மில்லிகிராம் அஸ்பிரின் குருதிப்பெருக்கைத்தான் கூட்டியது. அயல்வீட்டார் உண்கிறார் என்பதற்காகத் தாமும் வாங்கி உண்பவருக்கு அந்த 75இல் உரிமையில்லை.

நெல்லியடியின் மருந்துக் கடைகளிற் கேட்கப்படும் கேள்விகளும் இவ்வரலாற்றின் பகுதியே. தலையிடிக்கென்று வாங்கும் ஒரு கரையும் டிஸ்பிரினில் 300 மில்லிகிராம் அஸ்பிரின் உண்டு. அது கொப்பியிலுள்ளதின் நான்கு மடங்கு. முழங்கால் நோவுக்கு வாங்கும் டைகுளோபினாக் அஸ்பிரினின் பெயரைத் தாங்காவிடினும், இரைப்பையின் காப்பைக் குலைப்பதில் அதற்கு உறவே. வோர்பரினோடு சேர்ந்தால் இரைப்பையிற் குருதி கசியும் ஆபத்துப் பெரிது. வாடைக்காற்று மழையோடு குடாநாட்டில் டெங்கு வரும் மாதங்களிற் சிறுதட்டுக்கள் நோயினாலேயே குறைந்துவிடும். ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே என்பது இலங்கைச் சுகாதாரத் துறையினர் ஆண்டுதோறும் கூறுவது. ஆயின் ஸ்ரென்ற் வைத்தவருக்குக் காய்ச்சல் கண்டால் அவரது 75ஐ நிறுத்துவதா தொடர்வதா என்பது வேறு கேள்வி. அஸ்பிரினைத் தாமாக நிறுத்தியதால் ஸ்ரென்ற் அடைத்துக்கொண்டவரும் உளர். நிறுத்தாமற் குருதி வடிந்தவரும் உளர். அக்கேள்விக்கு விடை கடை மேசையில் இல்லை.

பல் பிடுங்கச் செல்பவரிடம் பல்வைத்தியர் “இரத்தம் கரைக்கிற குளிசை பாவிக்கிறீர்களோ?” என்று வினவுவார். “ஓம்” என்பது விடை. எது என்று அடுத்து வினவும்போதுதான் கிளினிக் கொப்பி பையிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. அஸ்பிரின் எனின் பெரும்பாலும் நிறுத்தாமலே பல் பிடுங்கப்படும். குருதி சற்றுக் கூடுதலாகக் கசியும், பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்வார். வோர்பரின் எனின் முதலில் ஐ.என்.ஆர். பார்த்துவர அனுப்புவார். இரண்டும் ஒருங்கே எழுதப்பட்டிருப்பின், அஸ்பிரின் எந்த ஆண்டில், எதற்காக எழுதப்பட்டது, அக்காரணம் இன்னும் உளதா என்பதை அறிய அவர் கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டத் தொடங்குவார்.